அம்மா தனியாகச் சிங்கப்பூர் போகிறார், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடியில் இருக்கும் அம்மா, தங்கையின் பிரசவத்துக்காக முதல்முறை விமானம் ஏறுகிறார். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் நாலு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஆனால் அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இரவு 1 மணிக்குக் கிளம்பினால், இறங்கும்போது அங்கே காலை ஏழரை ஆகிவிடும்.

அம்மா இரவும் காலையும் இன்சுலின் போடுகிறவர். அதுதான் பெரிய கவலை. டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறேன். இருந்தாலும், இப்படிப் பெற்றோரை அனுப்பியவர்கள் ஊசியை எந்த ஊர் நேரப்படி போடச் சொன்னீர்கள்? கைப்பையில் மருந்து வைத்திருந்தால் சோதனையில் டாக்டர் கடிதம் கேட்கிறார்களா? அப்புறம், சக்கர நாற்காலிக்கு டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டுமா? இரவு விமானமா, பகல் விமானமா, வயதானவர்களுக்கு எது நல்லது?