தீப்பிடித்து அணைந்த யூனோஸ் ரோட்ஸ்டர்: திருத்த வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: உவர்மலையான்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1991ஆம் ஆண்டுத் தயாரிப்பான மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று இருக்கிறது. 1.6 லீற்றர் எஞ்சின், மனுவல் கியர். கொழும்பில் பாவித்த வாகனமாக வாங்கியது. சென்ற வாரம் நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு வந்துகொண்டிருந்தபோது, உப்புவெளிக்கு அருகில் முதலில் பெற்றோல் மணமும் பின்னர் பொனற் ஓரத்தால் புகையும் வந்தன. எஞ்சினை உடனே நிறுத்திவிட்டேன். அருகிலிருந்த கடைக்காரர் தூள் தீயணைப்பானைக் கொண்டுவந்து, பொனற்றை முழுதாகத் திறக்கவிடாமல் சிறிய இடைவெளிக்குள்ளால் அடித்ததால் தீ பரவவில்லை.

இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய் எரிந்துவிட்டது. இன்ஜெக்டர் வயர்களின் உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. பொனற்றின் மேற்பூச்சு உள்ளங்கையளவுக்குக் கொப்பளித்திருக்கிறது. ஒரு கராச்சில், கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து முன்பாதி (வேறொரு காரிலிருந்து வெட்டியெடுத்த முன்பக்கம்) ஒன்றை வரவழைத்து எஞ்சினையும் வயரிங்கையும் முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு கராச்சில், குழாயை மாற்றி வயர்களை முறுக்கி ரேப் சுற்றினால் போதும் என்கிறார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருப்பதால் செலவு முழுவதும் என்னுடையது. இந்த இரண்டில் எது சரி, அல்லது இரண்டுமே தவறா?

பதில்: சீனக்குடா வயர்மன்

கராச்சைத் தெரிவுசெய்வதற்கு முன்னர் அந்தத் தூளை அகற்றுங்கள்; ஒரு வாரம் கடந்துவிட்டதென்றால் ஏற்கெனவே தாமதம்தான். கடைகளில் பொதுவாக இருக்கும் ஏ.பி.சி. வகைத் தீயணைப்பானில் உள்ளது மோனோஅமோனியம் பொஸ்பேற்று. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி அமிலத்தன்மை அடைந்து, அலுமினியத்தையும் கனெக்டர்களுக்குள் இருக்கும் ஊசிகளையும் அரிக்கத் தொடங்கும். திருகோணமலையின் உப்புக்காற்றில் அந்த அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். சூடான உலோகத்தின் மேல் விழுந்த தூள் ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் உருகிப் பின்னர் கண்ணாடி போல இறுகிவிடுவதால், அங்கே துணியால் துடைத்துப் பயனில்லை.

அதற்காகத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துவிடாதீர்கள். முதலில் காய்ந்த தூரிகையாலும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தாலும் இயன்ற அளவு எடுங்கள். அதன்பின் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து முழுதாக உலரவிடுங்கள். எரியாமல் நல்ல நிலையில் தெரியும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொன்ராக்ற் கிளீனர் அடிக்க வேண்டும். தூள் போகாத இடமே கிடையாது. தூள் அடித்தபோது எஞ்சின் நின்றிருந்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் அது உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். ஆயினும் எயார் பில்ரர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இந்த வாகனத்தின் பற்றரி பின்னால் டிக்கிக்குள் இருக்கிறது. முன்னால் வேலை செய்பவர்கள் பலர் அதை மறந்துவிடுவார்கள். உறை உருகிய வயரோடு பற்றரி இணைந்திருந்தால் இரண்டாவது தீக்கு அதுவே போதும் என்பதால், தூளில் கைவைப்பதற்கும் முன்னரே நெகற்றிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

பதில்: கன்னியா மெக்கானிக்

தம்பி, மேலே சொன்னது சரி. ஆனால் எரிந்த பாகங்களைக் கழற்றுவதற்கு முன்னர் எல்லாப் பக்கத்தாலும் படம் எடுத்து வையுங்கள். தீ எங்கே தொடங்கியது என்று தெரியாமல் திருத்திய கார் மறுபடியும் எரியும். ரேப் சுற்றச் சொன்னவரிடம் எனக்குள்ள குறை, அவர் காரணத்தைத் தேடவில்லை என்பதுதான்.

எவ்வளவு வெப்பம் பட்டது என்பதை உருகிய பிளாஸ்ரிக்கே காட்டும். பொலிப்புரொப்பிலீன் ஏறத்தாழ 160 பாகையிலும், நைலோன் அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 260 பாகையிலும் உருகும். அலுமினிய வார்ப்போ 500 பாகைக்கு மேல் போனால்தான் உருகத் தொடங்கும். ஆகவே நைலோன் கனெக்டர்கள் வடிவம் கெடாமல் இருக்கும் பகுதியில், சிலிண்டர் ஹெட்டைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. முழு எஞ்சினையும் மாற்றச் சொன்னவர் இதைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

எரிந்த ஓரிங்குகளை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை) வெறுங்கையால் தொட வேண்டாம். புளோரின் கலந்த ரப்பர் கடும் வெப்பத்தில் சிதைந்தால் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டாகலாம். அது தோலுக்குள் இறங்கி எலும்பு வரை பாதிக்கக் கூடியது. தடித்த நியோப்பிரீன் கையுறை போட்டே வேலை செய்யுங்கள்.

எரிந்த குழாயில் மிஞ்சிய துண்டின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து எழுதினால் மேற்கொண்டு சொல்லலாம்.

கேள்வியாளர்: உவர்மலையான்

இருவருக்கும் நன்றி. தூளை எடுத்துவிட்டேன், பற்றரியும் கழற்றியாயிற்று. கிளிப்புக்குள் இருந்த குழாய்த் துண்டில் 30ஆர்7 என்ற எழுத்து தெளிவாகத் தெரிகிறது. கிளிப்பு, திருகாணியால் இறுக்கும் பல்வெட்டு வகை. அதன் வெட்டுகள் ரப்பருக்குள் ஆழமாக இறங்கியிருக்கின்றன. அந்த வரியிலேயே குழாய் பாதிச் சுற்றளவுக்குப் பிளந்திருக்கிறது. குழாயை மாற்றியது எனக்கு முன்னர் வைத்திருந்தவர் என்று நினைக்கிறேன்.

பதில்: கன்னியா மெக்கானிக்

அப்படியானால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. 30ஆர்7, சுருக்கமாக ஆர்7, என்பது குழாயின் வகை; அது காபரேற்றர் வாகனங்களின் குறைந்த அழுத்தத்துக்கானது. அதன் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல். உங்கள் எஞ்சினில் ஓடுவது 40 இறாத்தலுக்குச் சற்று மேல் வரை என்பதால் அது சிலகாலம் தாக்குப்பிடித்திருக்கும். பொனற்றுக்குள் இருக்கும் வெப்பமும் கிளிப்பின் வெட்டும் மிகுதியைச் செய்துவிட்டன. ஆர்9 வகையைக் கேட்டு வாங்குங்கள். அது 100 இறாத்தலுக்கானது, உட்புறத்தில் புளோரின் ரப்பர் பூச்சு இருக்கும். கிளிப்பும் இன்ஜெக்ஷன் வகையாக, ஓரம் மடிந்து உட்புறம் வழுவழுப்பானதாக இருக்க வேண்டும். எரிந்த ஒன்றை மட்டும் மாற்றாமல், திரும்பிப் போகும் குழாயையும் தாங்கிப் பக்கத்துக் குழாய்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்றை ஆர்7இல் போட்டவர் மற்றவற்றை மட்டும் சரியாகப் போட்டிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பதில்: சீனக்குடா வயர்மன்

வயரிங் பற்றி. முன்பாதி வாங்கும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். யூனோஸில் 1993இல் 1.8 லீற்றர் எஞ்சின் வந்தபோது காற்றை அளக்கும் மீற்றரே மாறிவிட்டது: உங்களுடையது கதவு போல அசையும் தட்டு வகை, பின்னையது சூட்டுக்கம்பி வகை. கனெக்டர்களும் கம்பியூட்டரும் அதற்கேற்ப வேறு. விற்பவர் எல்லாம் ஒன்றுதான் என்பார். இறக்கிய பின்னர்தான் பொருந்தாதது தெரியவரும். எஞ்சினையும் மாற்றினால், பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தைத் திருத்த மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அலைய வேண்டிவரும்.

எரிந்த கிளையை மட்டும் புதிதாகக் கட்டலாம். மேலுறையைப் பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே போங்கள். பி.வி.சி. உறை சூடேறும்போது ஹைட்ரஜன் குளோரைட்டு வாயு வெளியாகி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். ஆகையால் உறை நன்றாகத் தெரியும் இடத்திலும் உள்ளே செம்பு கறுத்திருக்கலாம். உறையைச் சீவிப் பார்க்கும்போது செம்பு பளபளப்பாகவும் உறை மடக்கினால் வெடிக்காமலும் இருக்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். அங்கிருந்து அதே தடிப்பில், அதே நிறத்தில், வெப்பம் தாங்கும் குறுக்கிணைப்புப் பொலித்தீன் உறையுள்ள வயரைப் போட்டு, சூடாக்கினால் சுருங்கும் பசையுள்ள குழாயால் மூடுங்கள். இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் கட்டு வீங்கும். ஒவ்வொன்றையும் சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள். நம்மூரில் இதைப் பொறுமையாகச் செய்யக்கூடிய வயர்மன்கள் இருக்கிறார்கள், ஆனால் அவசரப்படுத்தினால் ரேப்தான் சுற்றுவார்கள்.

பதில்: கன்னியா மெக்கானிக்

எல்லாம் முடிந்த பின்னர் உடனே ஸ்ராட் பண்ண வேண்டாம். எஞ்சின் பகுதியில் உள்ள பரிசோதனைப் பெட்டியில் எஃப்/பி என்ற முனையையும் ஜி.என்.டி. என்ற முனையையும் ஒரு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் ஓடாமலே பெற்றோல் பம்பு மட்டும் ஓடும். தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளைத் தாளைப் பிடித்து ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். பிரேக், கிளச் மாஸ்டர் சிலிண்டர்களின் ரப்பர்களையும் ஹீற்றர் குழாய்களையும் அதே வேளையில் தடவிப் பாருங்கள். அழுத்தும்போது மொறுமொறுவென்று இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பொனற் அலுமினியம், காந்தம் ஒட்டாது. வெப்பம் பட்ட இடம் வளைந்திருக்கிறதா என்று நேர்சட்டம் வைத்துப் பாருங்கள். வளையவில்லை என்றால் பூச்சை உலோகம் வரை சுரண்டி, அலுமினியத்துக்குரிய எச்சிங் பிரைமர் அடித்த பின்னரே நிறம் அடிக்கச் சொல்லுங்கள். சாதாரண பிரைமர் அடித்தால் அடுத்த மாரிக்குள் அது மறுபடியும் கொப்பளிக்கும்.