1967 எம்ஜிபி: 95 குதிரைத்திறன் எங்கே போனது?

லெஸ்டர்_குமரன்:
எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் இங்கே லெஸ்டரில் 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த மேல்பகுதி கொண்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கினேன். 18ஜிபி எஞ்சின், 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம், எஸ்யூ அதன் பிராண்ட்), ஓவர்டிரைவ் (நீண்ட ஓட்டத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) உண்டு. பாடி சுத்தமாக இருக்கிறது, எஞ்சின் புகை விடவில்லை, ஆயில் பிரஷரும் சரியாகவே காட்டுகிறது. ஆனால் பிக்கப் இல்லை. டெர்பி தாண்டி பக்ஸ்டன் பக்கம் ஏ6 ரோட்டில் ஏறும்போது மூன்றாவது கியரில் 3500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) வரை ஒழுங்காகப் போகிறது, அதற்குமேல் எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் கூடுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. ரோலிங் ரோட்டில் (சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டு சக்தியை அளக்கும் கருவி) ஏற்றிப் பார்த்தேன், சக்கரத்தில் 58 குதிரைத்திறன். கம்பெனி சொன்னது 95. அருகில் இருக்கும் ஒரு பட்டறையில், எஸ்யூவைக் கழற்றிவிட்டு வெபர் பிராண்ட் கார்புரேட்டரும், அதை எஞ்சினோடு இணைக்கும் புது மேனிஃபோல்டும் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். செலவு பெரிது. செய்யலாமா?

பழைய_ஸ்பேனர்:
தம்பி, வெபர் பக்கம் இப்போது போகாதீர்கள். முதலில் கணக்கைச் சரி செய்வோம். அந்த 95 என்பது 5400 ஆர்பிஎம்மில் ஃப்ளைவீலில், அதாவது எஞ்சினின் வாசலிலேயே அளந்தது. கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு சக்கரத்தில் 95 வரவே வராது. என் 1965 வண்டி நல்ல ட்யூனிங்கில் இருந்தபோது 71 காட்டியது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது 37 இல்லை, 13 அல்லது 14 குதிரைத்திறன்தான். இது பெரும்பாலும் தேய்மானத்திலும் செட்டிங்கிலும் ஒளிந்திருக்கும், பாகம் வாங்கித் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் (போர்) 80.26 மிமீ, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 88.9 மிமீ. நீண்ட ஸ்ட்ரோக். ஆர்பிஎம்மை ஏற்றி ஓட்டுகிற எஞ்சின் இல்லை இது, 3000 ஆர்பிஎம்மிலேயே 110 பவுண்ட்-அடி டார்க் (இழுவிசை) கொடுத்து இழுக்கிற எஞ்சின். புதிதாக வந்த காலத்திலேயே 60 மைல் வேகத்தை எட்ட 12 விநாடி பக்கம் எடுத்துக்கொண்டது. ஆனாலும் 3500-க்கு மேல் செத்துப்போவது இயல்பு இல்லை, உங்கள் சந்தேகம் சரிதான்.

இந்த வரிசையில் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, வீட்டில் யாரையாவது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடியுங்கள். எஸ்யூவின் பிஸ்டனை விரலால் மேலே தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் த்ராட்டில் தகடு (காற்றை விடுகிற கதவு) தெரியும். அது காற்றுப் போகும் திசைக்கு நேராகப் படுத்திருக்க வேண்டும். சாய்வாக நின்றால் வண்டிக்கு முழு த்ராட்டில் கிடைக்கவே இல்லை என்று அர்த்தம். பிறகு விரலை எடுங்கள், பிஸ்டன் தடையில்லாமல் இறங்கி 'டக்' என்று உட்கார வேண்டும். பிஸ்டன் துள்ளாமல் தடுக்கும் டேம்பரில் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றிப்போயிருந்தால் மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி ஏறி, கலவை லீனாகி (பெட்ரோல் குறைந்து), வண்டி திக்கும்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரம் பார்த்து ஸ்பார்க்கை அனுப்பும் பாகம். எனக்கு உண்மையான சந்தேகம் அதன் மேல்தான். உள்ளே இருக்கும் எடைக்கட்டிகள் துருப்பிடித்து இறுகிவிட்டால், ஆர்பிஎம் ஏற ஏற முன்னேற வேண்டிய ஸ்பார்க் இருந்த இடத்திலேயே நிற்கும். நீங்கள் சொல்வது அப்படியே அந்தக் குணம். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஸ்பார்க் எப்போது விழுகிறது என்று காட்டும் டைமிங் லைட் வைத்துப் பாருங்கள், 4000 வரும்போது மொத்தம் 32 பாகையை ஒட்டி வர வேண்டும்.

அம்பாசடர்_மகன்:
எங்கள் அப்பா கோவையில் அம்பாசடர் ஓட்டினார். அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே பிஎம்சி (எம்ஜியின் தாய் கம்பெனி) பி-சீரிஸ்தான், எம்ஜிபிக்கு முந்தைய மாடலான எம்ஜிஏ 1955-ல் வந்ததும் அதே 1489-ல்தான். அதை வளர்த்து வளர்த்துத்தான் எம்ஜிபிக்கு 1798 ஆக்கினார்கள். டாப்பெட் (வால்வு இடைவெளி) செட் பண்ணும்போது அப்பா சொல்லிக்கொடுத்த ஒன்பது கணக்கு உங்களுக்கும் பொருந்தும்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதல் வால்வை, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை, கூட்டினால் ஒன்பது வர வேண்டும். உங்கள் எஞ்சினுக்கு இடைவெளி ஆறிய நிலையில் 0.015 அங்குலம். எட்டும் பார்க்க அரை மணி நேரம் போதும்.

நியூஜெர்சி_பாலா:
என்னிடம் இருப்பது 1977 வண்டி, கறுப்பு ரப்பர் பம்பர், ஒரே ஒரு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர். புகைக் கட்டுப்பாட்டுக்காக அமெரிக்க மாடலை 62.5 குதிரைத்திறனுக்கு இறக்கிவிட்டார்கள், அதிலும் வண்டியின் உயரத்தை வேறு கூட்டினார்கள். இரட்டை எஸ்யூவுக்கு மாற்ற நான் இரண்டு வருடமாகக் காசு சேர்க்கிறேன். தயவுசெய்து உங்களுடையதைக் கழற்றாதீர்கள்.

வெபரைப் பற்றி ஒரு வார்த்தை: இந்த எஞ்சினின் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) நான்கு சிலிண்டருக்கு இன்லெட் வாசல் (கலவை உள்ளே போகும் வழி) இரண்டுதான். 1-3-4-2 என்று வெடிக்கும்போது மூன்றும் நான்கும் அடுத்தடுத்து ஒரே வாசலில் இழுக்கின்றன, இரண்டும் ஒன்றும் அப்படியே. எத்தனை பெரிய கார்புரேட்டர் மாட்டினாலும் அந்த வாசல் அப்படியேதான் இருக்கும். ஹெட் வேலையும், வால்வைத் திறக்கும் கேம் தண்டின் மாற்றமும் செய்த பிறகு வெபரைப் பற்றி யோசிக்கலாம், ஸ்டாண்டர்ட் எஞ்சினுக்குக் கொடுக்கும் காசுக்குப் பலன் குறைவு.

லெஸ்டர்_குமரன்:
ஸ்பேனர் அண்ணே, இரண்டுமே இருந்தது! மனைவி மிதிக்க நான் டார்ச் அடித்துப் பார்த்தேன், தகடு முக்கால்வாசிதான் திறக்கிறது. முந்தைய உரிமையாளர் போட்ட தடித்த கார்ப்பெட் பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்தது. அதை வெட்டி, கேபிளையும் இழுத்துக் கட்டினேன். டைமிங் லைட்டில் பார்த்தால் 4000-லும் 19 பாகை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்ததில் ஒரு எடைக்கட்டி தன் ஆணியோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை, சுற்றிலும் காபிப்பொடி மாதிரி துரு. சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில் விட்டு மாட்டிய பிறகு 31 பாகை வருகிறது. நேற்று அதே ஏ6 ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 4800 வரை தயங்காமல் போனது, மேலே போனதும் ஓவர்டிரைவைத் தட்டிவிட்டு நிம்மதியாக வந்தேன். ரோலிங் ரோட்டில் மறுபடி போட்டதில் 69. டாப்பெட் இன்னும் பார்க்கவில்லை, சனிக்கிழமை ஒன்பது கணக்குப்படி செய்துவிட்டு எழுதுகிறேன்.