கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு வேறு: உங்களுக்கும் நடந்ததா?

நடுநிசிக் குறியாளன்:
அகராதித் தரவில் "கோலம்" என்று தேடினால் எதுவும் வரவில்லை, ஆனால் உருட்டிக்கொண்டே போனால் அந்தச் சொல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன், துளி வித்தியாசம் இல்லை. எரிச்சலில் நீளத்தை, அதாவது எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு தரும் குறியெண்கள் எத்தனை என்பதை, அச்சிட்டேன்: ஒன்று 5, இன்னொன்று 6. அந்த 6 இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒன்றில் ஓகாரக் குறி முழுசாக ஒரே குறியெண், மற்றதில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக.

ஆய்தம்:
என்எஃப்சி, அதாவது பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே வடிவாகச் சேர்க்கும் யூனிகோடு முறை, போட்டிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும், இதற்குப் போய் ராத்திரி முழிப்பா! என் கதை அதற்கும் அடங்காது. "ஔவை"க்கு யாரோ ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடித்து வைத்திருக்கிறார்கள். வரிசைப்படுத்தினால் பாட்டி "ஒளி"க்குப் பக்கத்தில் நிற்கிறாள். யூனிகோடைப் பொறுத்தவரை அது தப்பே இல்லை, வேறு ஒரு சொல், அவ்வளவுதான்.

வெறும் வாசகி:
எனக்கு நடந்தது கூட்டத்தின் நடுவில். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) திறந்தால் தமிழ் போய், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறி வரிவரியாக. "தமிழை யாராவது வணிகச் சின்னமாகப் பதிந்துவிட்டார்களா?" என்றார் மேலாளர். யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட், அதில் இரண்டாவது பெரும்பாலும் ஏஇ (பதினாறடிமான எண்), பழைய மேற்கத்திய அட்டவணையில் அந்த எண்ணுக்கு உரியது அந்த வட்ட ஆர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பழைய எழுத்துரு:
என் கட்டுரை ஒன்று அந்தக் கால எழுத்துருவில் இருந்தது, புதுக் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்து. சரி, அது போகட்டும். மேலே எழுதிய அம்மா, சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள், இறக்குமதி வழியாகப் போய் யுடிஎஃப்-8 என்று நீங்களே சொல்லுங்கள். குழம்பிய கோப்பை அப்படியே சேமிக்கவும் கூடாது, சேமித்தால் குப்பைதான் மூலம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்றால் வெறும் யுடிஎஃப்8 வேண்டாம், அது 3 பைட்டோடு நின்றுவிடும், தமிழ் தாங்கும், எமோஜி வந்தால் காலி, அதனால் யுடிஎஃப்8எம்பி4 வையுங்கள். பழைய கோப்பு இருந்தால் மாற்றியில் போடும் முன் எந்த எழுத்துரு, எந்தக் குறியேற்றம் என்று குறித்துக்கொள்ளுங்கள், பழைய தமிழ்க் குறியேற்றங்களில் டிஸ்கி வேறு, டாப் வேறு.

நடுநிசிக் குறியாளன்:
என்எஃப்சி எனக்கும் தெரியும் ஆய்தம், தரவில் இரண்டு வகையும் கலந்து கிடக்கிறது என்பதுதான் தெரியாது. அது இருக்கட்டும், ஔவையை என்ன செய்தீர்கள்?

ஆய்தம்:
கையால்தான். "ஒள" எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப் போய் "ஒளி"யும் பிழைக்காமல் போனது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.