இசை இயற்பியல் வீட்டுப்பாடம்: கம்பிக்கு ஒரு கணக்கு அமைக்க அளவுகள் வேண்டும்

வணக்கம். மூன்று பேர் சேர்ந்து போடும் கணக்குகளைத் தொகுக்கிறோம். காற்றுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது, ஒத்ததிர்வுக் குழாய்: உள்விட்டம் 3 செ.மீ., இசைக்கவை 512 ஹெர்ட்ஸ், அறை 30 டிகிரி. ஒத்ததிர்வு நீளங்கள் (ஒலி உரக்கக் கேட்கும் காற்றுத்தம்ப நீளங்கள்) 16.2, 50.3 செ.மீ.

முதல் நீளத்தை மட்டும் நான்கால் பெருக்கி அலைநீளமாக எடுத்தால் ஒலியின் வேகம் நொடிக்கு 332 மீட்டர். பாடநூலிலும் அதே எண் இருப்பதால் குழு அங்கேயே நின்றுவிடும். ஆனால் அது 0 டிகிரிக்கான மதிப்பு! இரு நீளங்களின் வித்தியாசத்தை இரண்டால் பெருக்கி அலைநீளமாகப் போட்டால் 349 வரும். 30 டிகிரிக்கு அதுதான் சரி. குழாய் வாய்க்கு வெளியேயும் கொஞ்சம் காற்று அதிர்வதால் வரும் முனைத்திருத்தம் (விட்டத்தில் சுமார் 0.3 பங்கு) வித்தியாசம் எடுக்கும்போது கழிந்துபோகிறது.

இப்படி வாக்குவாதம் கிளப்பும் கணக்குதான் குழுவுக்கு வேண்டும். எண்ணைப் போட்டால் விடை வரும் கணக்கை ஒருவர் போடுவார், மற்றவர்கள் பார்த்து எழுதிவிடுவார்கள்.

கம்பிக்கு வீணையை நினைத்திருக்கிறோம். மெட்டில் (கம்பிக்குக் கீழே உள்ள குறுக்குப் பட்டையில்) கம்பியை அழுத்தும்போது இழுவிசை ஏறி சுருதி சற்றுக் கூடும். மெழுகில் காதால் கேட்டுப் பொருத்திய 12ஆம் மெட்டு (கம்பியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் மெட்டு), கம்பியின் சரிபாதியில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா? வீணை வைத்திருப்பவர்கள் கம்பியின் முழு நீளம், குதிரையிலிருந்து (குடத்தின் மேல் கம்பியைத் தாங்கும் பாலம்) அந்த மெட்டுவரை தூரம், மெட்டுக்கு மேல் கம்பியின் உயரம் மூன்றையும் மி.மீ.யில் அளந்து தாருங்கள். எந்தக் கம்பி என்பதையும் குறிப்பிடுங்கள்.