புராஜெக்ட் வாரத்தில் கோட்டாவை அணைக்கலாமா?

லேப்_அட்மின்:
கல்லூரி ஆய்வகத்தில் ஒரு லினக்ஸ் சர்வர். மாணவர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதி 2 டிபி, கோப்பு முறை ஈஎக்ஸ்டி4. மாணவர்கள் 180 பேர். ஆளுக்கு இவ்வளவு இடம்தான் என்று கோட்டா வைத்திருக்கிறேன்: சாஃப்ட் லிமிட் (கெடு முடியும்வரை தாண்டலாம்) 8 ஜிபி, ஹார்ட் லிமிட் (தாண்டவே முடியாது) 10 ஜிபி. இதுவரை நிரம்பியது 700 ஜிபிதான். அடுத்த வாரம் இறுதியாண்டு புராஜெக்ட். நேற்று மட்டும் ஆறு பேர் இடமில்லை என்று வந்து நின்றார்கள். ஒரு வாரம் கோட்டாஆஃப் கட்டளை கொடுத்து அணைத்துவிட்டு, அப்புறம் கோட்டாஆன் போட்டுக்கொள்ளலாமா?

மூன்றாம்_ஷிப்ட்:
வேண்டாம் சார். நான் ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு மாணவரின் புரோகிராம் லூப்பில் மாட்டி, லாக் கோப்பை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. ஞாயிறு இரவுக்குள் வட்டு முழுக்க நிரம்பிவிட்டது. திங்கள் காலை ஒரு மாணவியின் அறிக்கைக் கோப்பை நானே பார்த்தேன். பெயர் இருந்தது, தேதி இருந்தது, அளவு மட்டும் பூஜ்யம். எடிட்டர் பழையதைக் காலி செய்துவிட்டுப் புதியதை எழுதப் போயிருக்கிறது, எழுத இடமில்லை. அந்தப் பெண் ஒரு தவறும் செய்யவில்லை. ஒருவர் தப்பு அடுத்தவர் தலையில் விழாமல் இருக்கத்தான் வரம்பே.

கடைசி_வருடம்:
அண்ணா, கோட்டா இருந்தும் எனக்கு இதே கதிதான். சாஃப்ட் லிமிட்டைத் தாண்டி ஏழு நாள் கெடு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கெடு முடிந்த மறுநாள் பாஸ்வேர்டு போட்டேன். திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி பாஸ்வேர்டே கேட்டது. மூன்று முறை அப்படியே. உள்ளே நுழைய ஹோமில் எழுத வேண்டிய ஒரு சின்னக் கோப்புக்குக்கூட இடமில்லையாம். பிறகு பார்த்தால், கேஷ் என்ற மறைவான அடைவில் மட்டும் 5 ஜிபி, எல்லாம் பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் இறக்கி வைத்தது. நான் எழுதிய கோடு 3 எம்பி கூட வராது. இங்கே ஒரு டிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது, பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். இது என்ன நியாயம்?

பழைய_யூனிக்ஸ்:
அணைப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். 1983இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் வந்த காலம் முதலே கோட்டாவுக்கு இரண்டு வேலை: கணக்கு வைப்பது, தடுப்பது. ஹோமின் உச்சியில் ஏகோட்டா.யூசர் என்ற கோப்பு இருந்தால் உங்களுடையது பழைய முறை. அதில் கோட்டாஆஃப் கொடுத்தால் கணக்கும் நின்றுபோகும். ஒரு வாரம் எழுதியதும் அழித்ததும் பதிவாகாது. திரும்பப் போடும்முன் எல்லாவற்றையும் புதிதாக எண்ணும் கோட்டாசெக் ஓட்ட வேண்டும், அதுவும் யாரும் எழுதாத நேரத்தில். ஆள் இருக்கும்போது ஓட்டினால் வரும் எண்ணை நம்ப முடியாது. டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் கோப்பு முறைக்குள்ளேயே கோட்டா வசதியைச் சேர்த்திருந்தால் கதை வேறு. கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், தடுப்பு மட்டும் நிற்கும்.

கடைசி_வருடம்:
அப்படியென்றால் தடுப்பை மட்டும் நிறுத்தலாமே? கணக்கு இருக்கிறதே.

மூன்றாம்_ஷிப்ட்:
கணக்கை இரவு இரண்டு மணிக்கு யார் பார்ப்பது தம்பி? நீ வாசலில் நின்றது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வரம்பு செய்த தப்பு இல்லை. கெடு ஓடுகிறது என்று உனக்கு யாரும் சொல்லாத தப்பு. வரம்பைத் தாண்டியவரை எச்சரிக்கும் வார்ன்கோட்டாவை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டால் தினமும் மெயில் போகும். வரம்பு போதவில்லையா, உயர்த்துங்கள். செட்கோட்டா கட்டளையில் ஒரு வரி வேலை, அந்த நொடியே அமலுக்கு வரும்.

கடைசி_வருடம்:
புராஜெக்ட் வாரத்தில் மெயில் பார்க்கிறவர் யார் அண்ணா? நேரில் சொல்ல வேண்டும்.

லேப்_அட்மின்:
பார்த்தேன், ஏகோட்டா.யூசர் இருக்கிறது. பழைய முறைதான். அதனால் அணைக்கவில்லை. இறுதியாண்டு 45 பேருக்கும் ஹார்ட் லிமிட்டை 20 ஜிபி, சாஃப்ட் லிமிட்டை 15 ஜிபி ஆக்கிவிட்டேன். எல்லோருடைய ஹார்ட் லிமிட்டையும் கூட்டினால் 2.25 டிபி வருகிறது. ரூட்டுக்கென்று, அதாவது நிர்வாகிக் கணக்குக்கென்று, ஒதுக்கிய ஐந்து சதவீதம் போக நம்மிடம் இருப்பது 1.9 தான். 135 பேர் வழக்கம்போல இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு. வார்ன்கோட்டா காலை ஏழு மணிக்கு ஓடும். இப்போது ரெப்கோட்டா தரும் பட்டியலில் இரண்டு பெயருக்குப் பக்கத்தில், சாஃப்ட் லிமிட்டைத் தாண்டியதைக் காட்டும் கூட்டல் குறி நிற்கிறது, இரண்டும் மூன்றாம் ஆண்டு. வகுப்புக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.