ஹோம் தியேட்டரில் சத்தம் கூட்டினால் கரகரக்கிறது, 150 வாட் ரிசீவர் எடுக்கலாமா?

விசுவமடு_சனி:

எல்லோருக்கும் வணக்கம். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீடு எங்களுடையது. ஓட்டுக் கூரை, சீலிங் இன்னும் அடிக்கவில்லை. ஹோலில் 5.1 செட் ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ரிசீவர் கொழும்பில் ஒருவர் பாவித்துவிட்டு விற்றது, சனலுக்கு 75 வாட் என்று போட்டிருக்கிறது. ஸ்பீக்கர் ஐந்தும் சின்னவை, 84 டெசிபெல், 8 ஓம். பேஸுக்கு எட்டு இஞ்சி சப்வூஃபர் ஒன்று.

சனிக்கிழமை இரவென்றால் பக்கத்து வளவுப் பிள்ளைகளும் சித்தி வீட்டாரும் படம் பார்க்க வந்துவிடுவார்கள். இருபது பேராவது இருப்பார்கள். ஹோல் கொள்ளாமல் பாதிப்பேர் விறாந்தையில். அப்பாவும் அங்கேதான், சாய்மனைக் கதிரையில். அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி, காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துச் செய்தி கேட்டவர் அவர். இன்றைக்கு இவ்வளவு சாமான் இருந்தும் "என்னவாம் சொன்னவன்?" என்று பக்கத்தில் இருக்கிற பிள்ளையைக் கேட்கிறார். எனக்கு அது மனதுக்குச் சரியான கஷ்டம்.

வொலியூம் -20 வரை சுத்தமாக இருக்கும் (சைபருக்குக் கிட்ட வர வரச் சத்தம் கூடும்). -12 தாண்டினால் குரல் கீறத் தொடங்கும். சண்டைக் காட்சி வந்தால் ரிசீவர் டக்கென்று நின்று 'புரொடெக்ட்' காட்டும். போன மாதம் கூர்மையான ஒலிகளைத் தருகிற ட்வீட்டரும் இடப்பக்கத்தில் போய்விட்டது. தை மாதம் சீட்டுக் காசு கிடைக்கும். 150 வாட் ரிசீவர் எடுத்தால் சத்தம் இரண்டு மடங்காகுமா?

ஹோர்ன்_கட்டி_மாங்குளம்:

தம்பி, சீட்டுக் காசை இப்போது தொடவேண்டாம். 75 வாட்டை 150 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். ரிமோட்டில் ஆறு தட்டுத் தட்டுவதுபோல. காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற 10 டெசிபெல் கூடவேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 750 வாட் ரிசீவருக்கு எங்கே போவது?

நான் ஒலிபெருக்கி கட்டிப் பிழைத்தவன். கோயில் திருவிழாவுக்குப் பாலை மரத்தில் ஏறி ஹோர்ன் கட்டி, கீழே ஒரு சின்ன அம்ப்பில் (அம்பிளிஃபயர்) 30 வாட் கொடுத்தால் குளத்துக்கு அங்காலே வயலில் நிற்பவருக்கும் பாட்டுக் கேட்கும். அது அம்பின் கெட்டித்தனம் இல்லை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றரில் அளந்தால் ஹோர்ன் 105 டெசிபெல் அளவில் தரும். உங்கள் ஸ்பீக்கர் 84. அந்த 21 டெசிபெல் வித்தியாசத்தை வாட்டால் நிரப்புவதென்றால் நூறு மடங்குக்கு மேல் வேண்டும். வீட்டில் ஹோர்ன் வைக்கச் சொல்லவில்லை, அதில் பேஸ் கிடையாது. ஆனால் 84க்குப் பதில் 90 டெசிபெல் ஸ்பீக்கர் வைத்தால், இப்போது 64 வாட் கேட்கிற சத்தம் 16 வாட்டில் வரும். காசு செலவழிக்கிற இடம் அதுதான்.

இனி ஏன் சண்டைக் காட்சியில் நிற்கிறது என்று பாருங்கள். படத்தில் பேச்சுக்கும் வெடிச் சத்தத்துக்கும் இடையில் 20 டெசிபெல் இருப்பது சாதாரணம். பேச்சுக்கு 1 வாட் போதுமென்றால் வெடிக்கு 100 வாட் கேட்கும். அந்த மிச்ச இடத்தைத்தான் ஹெட்ரூம் என்கிறோம். உங்கள் 75 வாட்டும் பெரும்பாலும் இரண்டு சனலை மட்டும் ஓட்டி அளந்ததாக இருக்கும். உள்ளே இருப்பது ஒரே ட்ரான்ஸ்ஃபோமர், ஐந்து சனலும் சேர்ந்து இழுத்தால் அவ்வளவு வராது. வராதபோது அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. கரகரப்பு அதுதான். வெட்டுப்பட்ட அலையில் கூர்மையான சத்தம் கூடுதலாக இருக்கும், அது நேரே ட்வீட்டருக்குப் போகும். கழற்றிப் பாருங்கள்: தலைமயிர் போன்ற செப்புக் கம்பிச் சுற்று கறுத்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் எரிந்த வார்னிஷ் மணம் அடிக்கும். அம்ப் பெரிதென்று எரிந்ததல்ல அது, போதாமல் எரிந்தது.

முதலில் ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர் எல்லாம் 'லார்ஜ்' என்று கிடக்கிறதா என்று பாருங்கள். 'ஸ்மோல்' ஆக்கி, குரொஸ்ஓவரை, அதாவது பேஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்புகிற எல்லையை, 100 ஹேர்ட்ஸில் விடுங்கள். சக்தியை அதிகம் தின்பது பேஸ். அதை, தனக்கென்று அம்ப் வைத்திருக்கிற சப்வூஃபர் சுமக்கட்டும். சப்வூஃபரைச் சுவர் மூலையில் தள்ளி வையுங்கள், இரண்டு சுவரும் சேர்ந்து பேஸைக் கூட்டித் தரும். ரிசீவருக்குப் பின்னால் 4 ஓம், 8 ஓம் சுவிட்ச் இருந்தால் 8இல் நிற்கட்டும். 4இல் போட்டால் பல ரிசீவர்கள் உள்ளே வோல்டேஜைக் குறைத்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. ஒரு மீற்றர் எடுத்து, இரவு ஏழரைக்குப் பிளக்கில் எத்தனை வோல்ட் என்று பார்த்து இங்கே எழுதுங்கள். 230 இருக்கவேண்டிய இடத்தில் 190 நின்றால் அம்பின் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

பாரதிபுரம்_ரசிகன்:

என்னுடைய செட்டில் 5000 வாட் பிஎம்பிஓ என்று முன்னாலேயே எழுதியிருக்கிறது, விலையும் அந்த ரிசீவரை விடக் குறைவு. அதை வாங்கினால் முடிந்ததுதானே?

ஹோர்ன்_கட்டி_மாங்குளம்:

பிஎம்பிஓ என்பது ஒரு கணத்து உச்சம் என்று போடுகிற கணக்கு, அதற்கு ஒரு அளவுகோல் கிடையாது, யாரும் எதையும் எழுதலாம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எத்தனை என்று பாருங்கள். சுவர் பிளக்கில் 13 அம்பியர் ஃபியூஸ்தான் இருக்கிறது. 230 வோல்ட்டில் அதைப் பெருக்கினால் ஏறக்குறைய 3000 வாட். அதற்குள் 5000 வாட் தொடர்ந்து எங்கிருந்து வரும்?

வட்டக்கச்சி_ரீச்சர்:

எங்களுடையதும் அதே அளவு வீடுதான், அதனால் ஒன்று சொல்கிறேன். அப்பாவுக்குக் குறைவது சத்தம் மட்டும் இல்லை, சொல் தெளிவு. வயதானால் முதலில் மங்குவது 'ச', 'த', 'ப' போன்றவற்றைப் பிரித்துக் காட்டுகிற மேல் ஒலிகள். வெறும் சீமெந்துத் தரையும் பூச்சுச் சுவரும் பேச்சைத் திருப்பித் திருப்பி அடித்து இன்னும் குழப்பும். நான் ரீவிக்கு முன்னால் இரண்டு பாயை விரித்து, எதிர்ச் சுவரில் தடித்த பெட்சீற் ஒன்றைத் தொங்கவிட்டேன். மாமி அன்றைக்கே வித்தியாசம் சொன்னா.

நடு ஸ்பீக்கர் ஷோகேஸ் தட்டுக்குள் இருக்கிறதா? அதை விளிம்புக்கு இழுத்து, அடியில் மரத்துண்டு வைத்து, இருப்பவர்களின் காதைப் பார்க்கச் சாய்த்து விடுங்கள். பேச்சு பெரும்பாலும் வருவது அதில்தான். மெனுவில் அந்த ஒன்றை மட்டும் 3 டெசிபெல் கூட்டலாம். நைட் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள், வெடியை அமுக்கும், மெல்லிய பேச்சை ஏற்றிவிடும். ரிசீவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். பக்கத்து வீட்டில் ஓ.எல். பரீட்சை எடுக்கிற பிள்ளை இருந்தாலும் நல்லது.

விசுவமடு_சனி:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மழை.

மீற்றர் இரவு 7.40க்கு 196 வோல்ட் காட்டியது, பதினொரு மணிக்கு 227. எங்கள் வீடு லைனின் கடைசித் தூணில். படத்தை ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கவலைதான்.

ஸ்பீக்கர் ஐந்தும் 'லார்ஜ்'இல்தான் கிடந்தன, ஹோர்ன் அண்ணை சொன்னது சரி. ஸ்மோல், 100 ஹேர்ட்ஸ், சப் மூலைக்குப் போய்விட்டது. ஷோகேஸுக்குள் இருந்த நடு ஸ்பீக்கரை வெளியே எடுத்து, அறுத்த பலகைத் துண்டு ஒன்றில் சாய்த்து வைத்தேன். ரிசீவரையும் வெளியே எடுத்தேன், மேல் தகடு கை வைக்க முடியாதபடி சுட்டது இப்போது இல்லை. பிறகு யோசித்து, ரீவியை மற்றச் சுவருக்கு மாற்றினேன். இப்போது அது வாசற்கதவுக்கு நேரே. அப்பாவின் கதிரை விறாந்தையில் வாசற்படியோடு, காற்றும் படும். முன்பு ஸ்பீக்கருக்கும் அவருக்கும் ஐந்து மீற்றர், இப்போது இரண்டரை.

ஹோர்ன்_கட்டி_மாங்குளம்:

தூரம் பாதியானால் வெளியில் 6 டெசிபெல், வீட்டுக்குள் எதிரொலி இருப்பதால் கொஞ்சம் குறைவு. எப்படியும் 150 வாட் ரிசீவர் தந்திருக்கக்கூடியதை விடக் கூட. சனிக்கிழமை எப்படிப் போனது?

விசுவமடு_சனி:

-17இல் ஓடியது. ஒருமுறையும் புரொடெக்ட் வரவில்லை. நடுவில் ஒரு பகிடிக்கு விறாந்தையில் எல்லோருக்கும் முதல் சிரித்தது அப்பாதான். பக்கத்தில் இருந்த பிள்ளை திரும்பி அவரைப் பார்த்தது.

சீட்டுக் காசில் முன் ஸ்பீக்கர் மூன்றையும் 90 டெசிபெல்லுக்கு மேல் பார்த்து எடுக்கப் போகிறேன். கிளிநொச்சியில் ட்வீட்டர் கொயில் மாற்றித் தருபவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். எரிந்த அந்த ஸ்பீக்கரைத் திருத்திப் பின்னுக்கு வைக்கலாம் என்று நினைக்கிறேன்.