ஒரே கட்டடத்தில் தொற்று என்றால் மாவட்டத்தையே மூட வேண்டுமா?

கேள்வி: வெண்கலப்பானை
2020-இல் ஊரடங்கைத் தளர்த்திய கொஞ்ச நாளில் பல நாடுகளில் அங்கங்கே கொரோனா மறுபடி தலைதூக்கியது. ஒரு இடத்தில் கிளம்பியதற்காக மாவட்டத்தையே வீட்டுக்குள் உட்கார வைத்தது நியாயமா? அந்த இடத்தை மட்டும் பூட்டினால் போதாதா?

ஓரக்கண்
ஜெர்மனியில் கூட்டர்ஸ்லோ மாவட்டத்தில் இதே சண்டைதான். 2020 ஜூனில் ஒரு இறைச்சி ஆலையில் 1,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று. மாவட்டம் முழுக்கக் கட்டுப்பாடு. அதை நீட்டித்தபோது, எல்லா ஊரையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல என்று ஜூலையில் நீதிமன்றம் நிறுத்திவிட்டது.

பழைய ஹெட்போன்
பூட்டலாம், எதைப் பூட்டுவது என்று தெரிய வேண்டுமே! தொற்று வந்தவர்களுக்குப் போன் போட்டு விசாரிக்கும் வேலையில் ஏழு மாதம் இருந்தேன். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிலிருந்து யாரையெல்லாம் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டோம். இவர் யாரிடம் வாங்கினார் என்பதைத் தேட 14 நாள் பின்னால் போக வேண்டும். அதில்தான் விஷயமே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் யாருக்குமே கொடுப்பதில்லை, சிலர் மட்டும் கும்பலாகக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கும்பல் கூடிய இடம் கிடைத்தால் மீதிப் பேரும் அங்கேயே கிடைப்பார்கள்.

ஆனால் போன வாரம் என்ன செய்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? "பேங்க் மெசேஜைத் திறந்து பாருங்கள்" என்பேன். ஒருவர் "வீட்டைவிட்டு நகரவே இல்லை" என்று மூன்று தடவை சொன்னார். அப்புறம் மெசேஜைப் படிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு யாருக்கோ பணம் அனுப்பியிருக்கிறார். சீட்டாட்டம். ஜன்னல் சாத்திய அறை, பதினொரு பேர். போலீசுக்குப் போகுமோ என்று பயம். "என்ன ஆடினீர்கள் என்று கேட்கமாட்டேன், நம்பர் மட்டும் கொடுங்கள்" என்றேன். கொடுத்தார். அதில் நான்கு நம்பர் ஏற்கனவே என் லிஸ்டில், நான்கு வெவ்வேறு தெருக்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கேஸ்களாக இருந்தன.

வெண்கலப்பானை
அவர் வாயைத் திறக்காமலே இருந்திருந்தால்?

பழைய ஹெட்போன்
நான்கு தெருவையும் அடைத்திருப்போம். வேறு வழி? எங்கிருந்து வந்தது என்று தெரியாத கேஸ்கள் கூடிக்கொண்டே போனால் மொத்தமாக மூடுவதைத் தப்பு சொல்லமாட்டேன். 2020 மே மாதம் தென் கொரியாவின் சியோலில், இத்தேவோன் பகுதி இரவு விடுதிகளில் பரவியபோது, பெயர் கேட்காமல் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு டெஸ்ட் எடுத்தார்கள். அந்த வசதி எங்களுக்கும் இருந்திருந்தால், அந்த மனிதர் மூன்று தடவை பொய் சொல்லியிருக்கமாட்டார்.